சிறு புகையிரதங்களின் ஓட்டமும் உறுதியும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உள்ளங்கையில் அடங்கும் புகையிரத எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். விளையாட்டுப் பொருள்தானே, ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும் என்றும் கூறலாம். ஆயினும் அது ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று ஆராயப் புகுந்தால், பௌதிகவியலையும் பொறுமையையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசான் அதுவென்பது விளங்கும். நாம் இன்று சொல்ல விழைவது ஒன்றே. மாதிரி எஞ்சினின் தரத்தை அதன் வேகத்திலோ வர்ணத்திலோ காண முடியாது. எவருடைய விரலும் படாமல் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதிலேதான் காணலாம்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜேர்மனியின் மார்க்ளின் நிறுவனத்தார் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் நகரச் சந்தையில், தண்டவாள அகலத்துக்கு இலக்கமிட்டு ஒழுங்குபடுத்திய விளையாட்டுப் புகையிரதங்களைக் காட்சிக்கு வைத்தனர். அவை பெரியவை. காலஞ்செல்ல, சிறிய வீடுகளுக்கு ஏற்ப அளவும் குறைந்து வந்தது. 16.5 மில்லிமீற்றர் அகலப் பாதை உலகெங்கும் பரவிய பின்னர், நியூரெம்பேர்க் நகரத்து ஆர்னோல்ட் நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் 9 மில்லிமீற்றர் பாதையைக் கொண்டுவந்தனர். ஒன்பது என்னும் சொல் ஜேர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் ‘என்’ எழுத்தில் தொடங்குவதால் இதற்கு ‘என்’ அளவு என்று பெயராயிற்று. யப்பானின் கேற்றோ நிறுவனத்தார் 1965இல் இவ்வளவில் ஒரு நீராவி எஞ்சினை வெளியிட்டனர். 1972இல் மார்க்ளின் இன்னும் இறங்கி, 6.5 மில்லிமீற்றர் பாதையில் 220இல் ஒரு பங்கான எஞ்சினை ஓடவிட்டது. ‘என்’ அளவில் ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகள் 160இல் ஒரு பங்கு. பிரித்தானிய மாதிரிகள் 148இல் ஒரு பங்கு.

இவ்வாறு சிறுப்பதனால் வரும் இடர் யாது? உருவத்தைச் சிறுப்பிக்கலாம், இயற்கை விதியைச் சிறுப்பிக்க இயலாது. ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் குறைத்தால் அதன் பலமும் பாரமும் ஒரே விகிதத்தில் குறைவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் விளக்கினார். 100 தொன் நிறையுள்ள எஞ்சினை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 160இல் ஒரு பங்காக்கினால் அதன் நிறை 24 கிராம் அளவிலேயே நிற்கும். இத்துணை இலேசான பொருள் தண்டவாளத்தை இறுகப் பற்றுவது எங்ஙனம்? ஆதலால் உற்பத்தியாளர் அடிச்சட்டத்தையே பாரமான உலோகக் கலவையால் வார்த்து நிறையைக் கூட்டுகின்றனர். சிலர் ஓரிரு சில்லுகளுக்கு றப்பர் வளையம் மாட்டுகின்றனர். அதனால் இழுக்கும் வலு கூடும். ஆனால் றப்பரிட்ட சில்லு மின்சாரத்தை எடுக்காது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் வியாபாரம் இது.

மெய்யான புகையிரதம், வலுவை நிறுத்தினாலும் தன் உந்தத்தால் நெடுந்தூரம் உருளும். மாதிரி எஞ்சினுக்கு அந்த உந்தம் இல்லை. மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் அக்கணமே நின்றுவிடும். அதன் மின்சாரமோ, சாதாரணமாக 12 வோல்ற்று, இரு தண்டவாளங்களிலிருந்து சில்லுகளின் வழியாக ஏறி மோட்டாருக்குச் சென்று திரும்புகின்றது. சில்லும் தண்டவாளமும் தொடுமிடம் ஊசிமுனை போன்றது. பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தூசு, 160 மடங்கு பெருக்கிப் பார்த்தால், மெய்யான பாதையிற் கிடக்கும் 16 மில்லிமீற்றர் கல்லுக்குச் சமம். நம் கண்ணுக்குத் தூசு; எஞ்சினுக்கு மலை.

எனவே எஞ்சின் வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை சில்லுகள் மின்சாரம் எடுக்கின்றன என்பதே. எட்டுச் சில்லும் எடுக்கும் டீசல் எஞ்சின், நான்கு சில்லு மாத்திரம் எடுக்கும் சிறு நீராவி எஞ்சினிலும் நம்பத்தக்கது. பாதை பிரியுமிடத்தில் பிளாஸ்டிக் துண்டு பதித்திருந்தால், குட்டையான எஞ்சின் அங்கே திகைத்து நிற்பதும் இதனாலேயே.

அடுத்தது மோட்டாரும் பற்சில்லுகளும். பழைய மலிவான மோட்டார்களின் சுழலியில் மூன்று முனைகளே இருந்தன. மெதுவாகச் சுழலும்போது காந்தம் முனைக்கு முனை பிடித்து இழுப்பதால் எஞ்சின் துள்ளித் துள்ளிச் செல்லும். ஐந்து முனை வந்ததும் துள்ளல் குறைந்தது. இரும்பு உள்ளீடே இல்லாத சுழலியுடைய மோட்டார்களும் இன்று கிடைக்கின்றன. மோட்டாரின் அச்சில் பித்தளைச் சில்லு ஒன்றைப் பாரமாகப் பூட்டினால், மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும் அதன் சுழற்சி எஞ்சினைத் தள்ளிச் செல்லும். இழந்த உந்தத்தை இவ்வாறு சிறிது மீட்டுக்கொள்கிறோம். 1990களில் அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் விதிப்படுத்திய இலக்கமுறைக் கட்டுப்பாட்டில், எஞ்சினுள்ளே ஒரு கொள்ளளவியை வைத்து அதே உதவியை மின்சாரமாகவே பெறலாம். ஆயினும் சிறிய எஞ்சினுள் அதற்கு இடம் தேடுவது பெரும்பாடு.

இனித் தரத்தை அளக்கும் முறையைச் சொல்வோம். மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடும் புகையிரதத்தின் 160இல் ஒரு பங்கு வேகம், செக்கனுக்கு 14 சென்ரிமீற்றர். அதாவது ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 7 செக்கன். மனிதன் நடக்கும் வேகமான மணிக்கு 5 கிலோமீற்றரை எடுத்தால், ஒரு மீற்றரைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் வேண்டும். ஒரு மீற்றர் பாதையும் ஒரு மணிக்கூடும் போதும். இந்த நடைவேகத்தில், நில்லாமலும் துள்ளாமலும் எஞ்சின் செல்லுமாயின் அது நல்ல எஞ்சின். வேகமாக ஓடுவது பெரிதன்று. வேகம் குற்றங்களை மறைத்துவிடும். தேர்த் திருவிழாவைப் பாருங்கள். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுபவரின் நிதானத்தாலன்றோ தேர் ஒழுங்காக வீதிவலம் வருகிறது!

எமது விடுதியில் நண்பர் நால்வர் காசு சேர்த்து வாங்கிய பழைய டீசல் எஞ்சின் ஒன்று உண்டு. வந்த அன்று அது கையின் உதவியின்றி ஒரு மீற்றரும் செல்லவில்லை. அழகிய எஞ்சின், கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடுவோம் என்றார் ஒருவர். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. நோய் நாடும் வைத்தியர்போல் பழுதை மூன்றாக வகுத்தோம். எப்பொழுதும் ஒரே இடத்தில் நின்றால் குற்றம் பாதையில். வெவ்வேறிடங்களில் நின்றால் குற்றம் சில்லின் அழுக்கில். நில்லாமல், சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒருமுறை தடக்கினால் குற்றம் பற்சில்லில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே சில வேளைகளில் கூடம் உண்மையாகவே கோணல்தான்! ஆகவே பாதையை முதலிற் பார்த்தோம். அது நேராகவே இருந்தது. சில்லுகளிலோ கரிய படலம் ஏறியிருந்தது. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தில் நனைத்த துணியால் அதைத் துடைத்தோம். எஞ்சின் ஓடியது, ஆனால் தடக்கியது. திறந்து பார்த்தபோது, உலோக அச்சில் இறுக்கிய பிளாஸ்டிக் பற்சில்லு ஒன்று வெடித்திருந்தது. காலப்போக்கில் பிளாஸ்டிக் சுருங்குவதால் பல எஞ்சின்களுக்கு வரும் பழுது இது. புதிய பற்சில்லு கடல் கடந்து தபாலில் வரப் பல வாரங்கள் சென்றன. அதைப் பூட்டியபின் எஞ்சின் ஒரு மீற்றரை 95 செக்கனில், ஒரு துள்ளலுமின்றிக் கடந்தது. அன்றிரவு விடுதியில் எழுந்த ஆரவாரத்துக்குக் கண்காணிப்பாளர் வந்து காரணம் கேட்டார். கேட்டவர் தாமும் அமர்ந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? உறுதி என்பது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளன்று. அதிற் பாதி உற்பத்தியாளர் கையில் உள்ளது. மறு பாதி நம் கையில் உள்ளது. நமது கடமை சிறிது. பாதையைத் துடைத்தல் வேண்டும். உரமான தாளால் உரோஞ்சுதல் ஆகாது, அக்கீறல்களிலேயே அழுக்குத் தங்கும். எண்ணெய் ஊசிமுனையளவு போதும். மிகுந்தால் அது மோட்டாருட் புகும், தண்டவாளத்திலும் படரும். மாதக்கணக்கில் பெட்டியில் அடைத்து வையாமல் இடையிடையே ஓட்டுதலும் நன்று.

உற்பத்தியாளர் கடமை பெரிது. வார்ப்புக்குரிய நாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அடிச்சட்டம் வீங்கி வெடித்து உதிரும். அதற்குப் பரிகாரமில்லை. ஆகவே வார்க்கும்போதே கலவை தூய்மையாக இருத்தல் வேண்டும். கைப்பிடிக் கம்பிகளையும் மயிரிழை போன்ற எழுத்துக்களையும் வியக்கத்தக்கவாறு அமைத்துவிட்டு, மேலுறையைக் கழற்றினால் ஒடியுமாறு செய்வது நேர்மையான வேலையாகுமா? பழுதுபார்க்கும் கடை அருகில் இல்லாத எம்போன்றோருக்கு, இலகுவிற் திறக்கக்கூடிய எஞ்சினும் தனியே வாங்கக்கூடிய பற்சில்லுமே, நுண்ணிய வர்ணத்திலும் பெரிய வரம். மாணவன் சேமித்த காசு ஒரு சிறு பற்சில்லுக்காக முழுவதும் வீணாகலாகாது.

நண்பர்களே! மாதிரிப் புகையிரதம் ஒன்று மலையும் நிலையமும் கடந்து செல்கையில், பார்ப்பவன் தன்னை மறந்து அச்சிறு உலகத்துள் நுழைகிறான். எஞ்சின் நின்றதும் மேலிருந்து ஒரு பெரிய விரல் இறங்கி அதைத் தள்ளுகிறது. அக்கணமே அந்த உலகம் கலைந்துவிடுகிறது. அவ்விரல் இறங்காதிருக்கவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எவனோ ஒருவன் பற்களைச் செவ்வையாக வெட்டியிருக்கிறான்; கலவையைத் தூய்மையாக வார்த்திருக்கிறான். அத்தகைய வேலையை மதிக்கவும், வாங்கும்போது அதனையே கேட்டு வாங்கவும் நாம் பழகுவோமாக.