வாய்ப்பாடு ஓரிடம், கழித்தல் வேறிடம்



ஏழெட்டு எவ்வளவு? ஐம்பத்தாறு என்று உங்கள் வாய் முந்திக்கொண்டிருக்கும். சரி, பதின்மூன்றில் ஐந்து போனால்? இதற்கும் விடை வந்திருக்கும்; ஆனால் ஒரு கணமாவது உள்ளே எதையோ நகர்த்திப் பார்த்திருப்பீர்கள். பெருக்கலையும் கழித்தலையும் நாம் கணக்கு என்றே சொல்கிறோம். மூளை அவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

பிரான்சைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேனும் நரம்பியல் மருத்துவர் லோரன் கோஹெனும் 1997-இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு மூளையின் இடப்பக்கம், அடியாழத்தில் சேதம். வாய்ப்பாடு போய்விட்டது. வாய்ப்பாடு மட்டுமா? சின்ன வயதுப் பாட்டு, பழகிய ஜெபம், அகரவரிசை என்று ஒப்பித்துச் சேர்த்ததெல்லாம் கூடவே போயிற்று. கழித்தல் மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது.

இன்னொருவருக்குச் சேதம் உச்சந்தலைக்குப் பின்னால், பக்கவாட்டில். இவருக்கு வாய்ப்பாடு ஓரளவு வரும். எளிய கழித்தலில் தடுமாறுவார். இரண்டு எண்களைச் சொல்லி நடுவில் இருப்பது எது என்று கேட்டால் திணறுவார். ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் என்ன கிழமை என்றால், புதன் என்று சொல்லிவிடுவார்! வரிசை பிடிபடுகிறது, அளவு பிடிபடவில்லை.

ஆக, வாய்ப்பாடு நமக்குள் பாட்டோடு பாட்டாகக் குடியிருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லிச் சொல்லியே பதித்துக்கொண்டார்கள். அந்த முறையை அவ்வளவு சுலபமாகக் கேலி செய்துவிட முடியாது. மனப்பாடமா, புரிதலா என்று பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் வாதாடுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இரண்டுக்கும் மூளையில் தனித்தனி இடம் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொள்ள மற்றதைக் காலி செய்ய வேண்டியதில்லை.

அளவை உணரும் திறனுக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம் போலிருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் கேரன் வின் என்ற ஆய்வாளர், ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு பொம்மையைக் காட்டித் திரையால் மறைத்தார். அவர்கள் பார்க்கவே திரைக்குப் பின்னால் இன்னொன்றையும் வைத்தார். திரை விலகியபோது ஒரே பொம்மை இருந்தால், குழந்தைகள் அதைக் கூடுதல் நேரம் பார்த்தார்கள்; இரண்டு இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள் போலும்.

சரி, பெரிய கணிதம்? 2016-இல் மாரி அமல்ரிக் என்ற ஆய்வாளரும் தெஹேனும் 15 கணித வல்லுநர்களையும், அதே அளவு படித்த பிற துறையினர் 15 பேரையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். இயற்கணிதம், வடிவியல் என்று உயர்கணிதக் கூற்றுகளைக் காதில் சொல்லி, சரியா, தவறா, அர்த்தமற்றதா என்று கேட்டார்கள். கூற்று வந்ததென்னவோ பேச்சாகத்தான். ஆனால் வல்லுநர்கள் அதை யோசித்தபோது, மொழிக்கான வழக்கமான பகுதிகள் ஏறக்குறைய சும்மா இருந்தன. உழைத்தவை, சாதாரண எண்களுக்கும் எளிய கணக்குக்கும் எல்லோருக்குள்ளும் வேலைசெய்யும் பகுதிகள்.

கரும்பலகையையும் வரைபடங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் அந்தப் பகுதிகள் அப்படிப் பழகினவோ என்ற சந்தேகம் எழும். அதனால் பிறகு, பார்வையற்ற மூன்று கணித அறிஞர்களையும் சோதித்தார்கள். அவர்களிடமும் அதே பகுதிகள்தான் உழைத்தன.