ஒரு சிறுநீரகத்தோடு வாழ்வோர்



1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவரின் உடலிலிருந்து நல்ல சிறுநீரகம் ஒன்றை எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பழுதுற்றுச் சாகும் நிலையிலிருந்த அவருடைய இரட்டைச் சகோதரருக்கு ஜோசப் மர்ரே என்ற அறுவை மருத்துவர் அதனைப் பொருத்தினார். வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அதுவே. பெற்றுக்கொண்ட ரிச்சர்டு ஹெரிக் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1963இல் மறைந்தார். கொடுத்த ரானல்டு ஹெரிக், எஞ்சிய ஒன்றோடு 2010 வரை, ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் நாட்டில் 1971இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றி கண்டது. பெற்றவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இன்று கொடுத்தவரைப் பற்றி, அதிலும் அவருடைய உடல் எடையைப் பற்றி, உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவற்றை நெஃப்ரான்கள் என்பர். பிறக்கும்போது எத்தனையோ அத்தனைதான்; பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. ஒரு சிறுநீரகத்தை எடுத்தபின் மற்றது பருக்கிறது. ஒவ்வொரு வடிகட்டியும் முன்னிலும் மிகுதியான இரத்தத்தை வடிக்கிறது. ஆதலால் வடிகட்டும் ஆற்றல் பாதியாகக் குறையாமல், பழைய அளவில் நூற்றுக்கு அறுபத்தைந்து எழுபது என்ற நிலையில் நிற்கிறது. இரண்டு எருதுகள் இழுத்த வண்டியை ஓர் எருது இழுக்கிறது என்று கொள்ளுங்கள். பாரம் அளவோடிருந்தால் அது நெடுந்தூரம் செல்லும்.

உடல் பருத்தல் என்பது அந்த வண்டியில் மேலும் மூட்டை ஏற்றுவது போன்றது. பெருத்த உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க ஒவ்வொரு வடிகட்டியும் இன்னும் கூடுதலாக வேலை செய்கிறது. அதனுள் அழுத்தம் மிகுகிறது. கொழுப்பு மிகுந்த உடலில் சில நரம்புகளும் சுரப்புகளும் முடுக்கம் பெற்று, உப்பை வெளியேற்றாமல் தேக்கிவைக்கச் செய்கின்றன. உப்போடு நீரும் தங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் வடிகட்டிகளைத் தாக்குகிறது. அவற்றுட் சில தழும்பேறி மடிகின்றன. மடிந்தவற்றின் வேலையும் எஞ்சியவற்றின் தலையில் விழுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் ஒன்று தொடங்கிவிடுகிறது. எருதாவது களைத்தால் நுரை தள்ளும், படுத்துக்கொள்ளும். சிறுநீரகமோ நெடுங்காலம் ஓசையின்றி உழைத்து, மிகவும் நொந்தபின்னரே நமக்குத் தெரிவிக்கிறது.

2006இல் வெளிவந்த ஆராய்ச்சித் தொகுப்பொன்று, பல நாடுகளில் சிறுநீரகம் கொடுத்தோரை ஒப்புநோக்கியது. கொடுத்த ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள், வயது காரணமாக ஏறக்கூடிய அளவுக்கு மேல், அவர்களது இரத்த அழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடியிருக்கலாம் என்று அது கணித்தது. இது சிறிய அளவே. ஆனால் இதனோடு எடையும் சேரும்போது கணக்கு வேறாகிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கொடுத்தவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வரலாற்றை ஆராய்ந்தது. கொடுக்கும்போது உடற்பருமன் இல்லாதவர் பதினாயிரவரில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு, இருபது ஆண்டுகளுக்குள் எஞ்சிய சிறுநீரகமும் செயலிழக்கலாம். பருமனுடையோரில் அது தொண்ணூற்று நான்கு பேர். நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவுதான். இதைக் கேட்டுக் கொடுக்க நினைப்பவர் அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. ஆயினும் முப்பது வயதில் கொடுக்கும் ஒருவருக்கு இருபது ஆண்டு பாதி வழிகூட அன்று.

பருமன் என்பதற்கு அளவுகோல் உண்டு. எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஒன்று புள்ளி ஆறு மீட்டர் உயரமுள்ளவர் 77 கிலோ இருந்தால் விடை 30. மேனாட்டு ஆய்வுகள் பருமன் என்று கோடு கிழிக்கும் இடம் அது. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. அதே உயரத்துக்கு அது 59 கிலோதான்!

பருத்தவர் கொடுக்க முன்வந்தால் மருத்துவர்கள் எடையைக் குறைத்து வரச் சொல்கிறார்கள். தம்பியின் உயிர் என்ற எண்ணத்தில் அக்காள் மூன்று மாதத்தில் குறைத்தும் விடுகிறாள். குறைத்த எடை மீண்டும் ஏறுவது நாம் எல்லாரும் கண்டதே. எனவே, என் வரையில், கொடுப்பதற்கு முன்னுள்ள எடையைவிடக் கொடுத்தபின் ஏறும் எடையே மிகுதியாகக் கவலை தருவது.

அதை ஏற்றுவோர் யார்? பெரும்பாலும் அன்புடையோரே. 'உடம்பில் ஒன்றை அறுத்துக் கொடுத்தவள், தேற வேண்டாமா?' என்று நெய்யும் இனிப்பும் ஊட்டுகிறார்கள். துரும்பைக்கூட எடுக்கவிடாமல் உட்கார வைக்கிறார்கள். காயம் ஆறும் சில வாரங்களுக்கு ஓய்வு முறைதான். அது பழக்கமாகிப் பல ஆண்டு நீளும்போதுதான் கேடு. தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும் வேறு. நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பு என்ற வரம்பு காலை உணவிலேயே பாதி கரைந்துவிடும்.

நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்போரில் பெண்களே மிகுதி. இனிமேல் தாயாகக் கூடியவர்களும் அவர்களுள் உண்டு. கனடாவில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், கருவுற்ற காலத்து இரத்தக் கொதிப்புக் கோளாறு, கொடுக்காத பெண்களில் நூற்றுக்கு ஐவருக்கும், கொடுத்தவரில் பதினொருவருக்கும் காணப்பட்டது. இச்செய்தி கையெழுத்து வாங்குமுன் அவர்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

கொடுத்தவர் ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தத்தையும் எடையையும் பார்த்துக்கொண்டு, சிறுநீரில் புரதம் உண்டா என்றும், இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் சோதிக்க வேண்டும். தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிற் பல அவருக்கு ஆகா.

ஆனால் நடப்பது என்ன? பெற்றவர் மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறார். அவருக்குத் தடித்த கோப்பும் தனி மருத்துவரும் உண்டு. துணைக்கு வந்த தமக்கை, சிறுநீரகத்தைக் கொடுத்தவள், பையை மடியில் வைத்துக்கொண்டு வெளி விசுப்பலகையில் அமர்ந்திருக்கிறாள். அவள் கோப்பு என்றோ மூடப்பட்டது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை நீங்களும் உடன் செல்லுங்கள். தம்பியின் கையிலிருந்து அழுத்தமானியின் பட்டையைக் கழற்றியதும், அக்காளின் கையிலும் ஒரு முறை கட்டிப் பார்க்கும்படி செவிலியரிடம் கேளுங்கள். இரண்டு நிமிடத்திற்குமேல் ஆகாது.