களையெடுப்பான் என்ஜினில் சோக்கைக் கவனியுங்கள்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நான் உழவியல் பாடம் நடத்துபவன். என்ஜினைப் பற்றிப் பேச எனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மக்காச்சோளத்தில் விதைத்த 20-25 நாளில் முதல் களை எடுத்துவிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். சென்ற ஆண்டு எங்கள் பண்ணையிலேயே அந்த நாள் தவறிவிட்டது. பெட்ரோலில் ஓடும் களையெடுப்பான் கரும்புகை கக்கி, நின்று நின்று போயிற்று. இரண்டு முறை பிளக் மாற்றினோம். ஐந்து நாள் கழித்துத்தான் சோக் தகடு பாதி மூடியபடியே கிடந்தது தெரிந்தது. அதற்குள் கோரை முழங்கால் உயரம்.

சோக் என்பது கார்புரேட்டரின் காற்று வாயிலுள்ள சிறு தகடு. ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். மார்கழிக் காலையில் குளிர்ந்து கிடக்கும் என்ஜினில் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. ஆகவே தகட்டை மூடிக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கச் செய்கிறோம். என்ஜின் பிடித்ததும் சிறிது சிறிதாகத் திறந்து, சூடேறியதும் முழுவதும் திறந்துவிட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் வீணாகும், பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுவதால் பிஸ்டன் வளையங்களும் தேயும்.

சோதிப்பது எளிது. என்ஜின் ஆறிய பின் பிளக் மூடியைக் கழற்றுங்கள். ஏர் பில்டரை எடுத்துவிட்டு, சோக் லீவரை அசைத்துக்கொண்டே வாயினுள் பாருங்கள். மூடும்போது தகடு துளையை முழுதும் அடைக்க வேண்டும். திறக்கும்போது அதன் விளிம்பு மட்டுமே தெரிய வேண்டும். இறுக்கமாக அசைந்தால் தூசியும் காய்ந்த பெட்ரோல் பிசினும்தான் காரணம். பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள், அருகில் பீடி வேண்டாம். கிரீஸ் தடவாதீர்கள், தூசி ஒட்டும். கேபிள் உள்ள என்ஜினில், லீவரைத் திறந்த நிலையில் வைத்து, பிடிப்புத் திருகைத் தளர்த்தி, தகட்டைக் கையால் முழுதும் திறந்து, கேபிளில் சிறிது தளர்வு விட்டு முடுக்குங்கள். எங்கள் பண்ணையில் இதற்கு ஒரு திருப்புளிதான் செலவு!

“சோக்கைப் பாதி மூடினால்தான் ஓடுகிறது” என்று சிலர் சொல்வார்கள். அங்கே குற்றம் சோக்கில் இல்லை. ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கேஸ்கெட் வழியே காற்று நுழையலாம். அதைச் சரிசெய்யுங்கள்.

சூடான என்ஜினை மீண்டும் கிளப்பச் சோக் தேவையில்லை. போட்டு இழுத்துப் பிளக் நனைந்துவிட்டால், கழற்றித் துடைத்துக் காயவிட்டு, சோக்கைத் திறந்து இழுங்கள். அதற்கு முன் ஏர் பில்டரைத் திரும்பப் பூட்டிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.