கான் வெட்டும் கணினிப் படிப்பும்

தெலுக் பங்லிமா காராங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கான் வெட்டாவிட்டால் மரம் தழைக்காது. சிறு கான் பெரிய கானில் சேரும். மதகு வழியே நீர் வடியும். கணினி வலைப்பின்னலும் ஏறக்குறைய அப்படித்தான். செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரி தாங்கிப் போகிறது. மட்டை விழுந்து கான் அடைத்தால் நீர் தேங்கும். பொட்டலமோ வேறு வழி தேடிச் செல்லும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பட்டத்தில் இதற்கென்றே ஒரு தனிப்பிரிவு உண்டு. இத்தகைய பிரிவை வகுப்பவர்கள் வலைப்பின்னலை மட்டும் வைப்பதில்லை. முதலில் கணிதமும் நிரல் எழுதுதலும்; பிறகு வலைப்பின்னலும் அதன் பாதுகாப்பும்; அத்துடன் தொழிலிடப் பயிற்சி. காரணம், இயந்திரங்கள் மாறும், கணக்கு மாறாது.

"கம்பி இழுக்கிற வேலைக்குப் பட்டம் எதற்கு, சார்?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. கான் வெட்டுவது ஒரு வேலை. எங்கே வெட்டினால் வெள்ளம் வடியும் என்று கணக்கிடுவது வேறொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத்தான் பட்டம்.

நான்காம் படிவத்தில், கடினம் என்று கூடுதல் கணிதத்தைப் பிள்ளை கைவிட்டால், இந்த வழி அப்போதே குறுகிவிடும். ஆகவே, பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பள்ளிக்கு வந்து ஆசிரியரைக் கேளுங்கள். எஸ்.பி.எம். முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.