நாடாள்வோரும் கூண்டில் ஏறலாமா?



என் பாட்டியின் அண்ணன் பால்மரம் வெட்டியவர். ஜப்பானியர் காலத்தில், "மூன்று மாத வேலை, நல்ல சம்பளம்" என்று சொல்லி லாரியில் ஏற்றிப் போனார்கள். சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. "எங்க அண்ணன யார்கிட்டப் போயிக் கேக்கிறது?" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாட்டின் தலைவர் செய்த கொடுமையை விசாரிக்க உலகில் ஓர் இடம் வேண்டுமா? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடி உதையும் நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோயின. அடித்த சிப்பாயைக் கேட்டால், "மேலிடத்து உத்தரவு" என்பான். இது நாம் அறியாததா? அந்த நாளில் மண்டோரைக் கேட்டால் கிராணியைக் காட்டுவார். கிராணியைக் கேட்டால் துரையைக் காட்டுவார். கடைசிக் கையெழுத்துப் போட்டவரை யார் கேட்பது?

1946இல் தோக்கியோவில் 11 நாடுகளின் நீதிபதிகள் கூடினார்கள். போர்க்காலப் பிரதமர் தோஜோ உட்பட 28 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ரயில் பாதையில் கைதிகள் பட்ட பாட்டுக்கும் தோஜோ பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. தமிழர் உட்பட ஏறத்தாழ 1,50,000 தொழிலாளர்களில் குறைந்தது 60,000 பேர் மாண்டதாகவும் அத்தீர்ப்பில் எழுதப்பட்டது. 1948 டிசம்பர் 23ஆம் நாள் தோஜோ தூக்கிலிடப்பட்டார்.

அந்த விசாரணையில் குறை இல்லையா? உண்டு. வென்றவர்கள் தோற்றவர்களை மட்டுமே விசாரித்தார்கள். அணுகுண்டு போட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பேரரசர் ஹிரோஹித்தோவும் கூண்டில் ஏறவில்லை. செயல் நடந்த பிறகு சட்டம் எழுதித் தண்டிப்பது முறையாகாது என்று இந்திய நீதிபதி ராதாவினோத் பால் தனித்தீர்ப்பே எழுதினார்.

பிற்காலத்தில் சட்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். 1998இல் ரோமில் ஒப்பந்தம் ஏற்கப்பட்டு, 2002இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் ஹேக் நகரில் அமைந்தது. அதிபரானாலும் பிரதமரானாலும் அதன் முன் விலக்கு இல்லை. சொந்த நாடு நேர்மையாக விசாரிக்காதபோதுதான் அது தலையிடும். ஆனால் அதற்கென்று போலீஸ் கிடையாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகியவை அதில் உறுப்பினர்கள் அல்ல. நம் மலேசியாவும் 2019 மார்ச் மாதம் சேர்ந்து, மறுமாதமே விலகிக்கொண்டது.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லருக்கு, அண்டை நாடான சியாரா லியோனில் நடந்த கொடுமைகளுக்குத் துணைநின்றதற்காக, 2012இல் வேறொரு சிறப்பு நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. பால் நிறுக்கும் தராசு கோணினால் அதைச் சரிசெய்யச் சொல்வோம். நிறுக்காமலே பாலை ஊற்றிவிட்டு வரமாட்டோம். நீதித் தராசும் அப்படித்தான். வல்லரசுத் தலைவரையும் ஏழை நாட்டுத் தலைவரையும் அது ஒன்றுபோல் நிறுக்க வேண்டும்.

நேயர்களே! சாட்சி இல்லாமல் வழக்கு இல்லை. உங்கள் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று பெரியவர்களைக் கேட்டு, இன்றிரவே பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.