பெட்டிக்குள் அடங்காத சரக்கு

(விவசாயிகள் சங்க வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேகம் கூடிக்கிட்டு வருது. சுருக்கமாகப் பேசச் சொல்லித் தலைவர் ரெண்டு தடவை சீட்டு அனுப்பிவிட்டார். முடிந்தவரை சுருக்குகிறேன். ஆனால் விஷயம் பெரிசு. எடையிலும் பெரிசு.

2023 செப்டம்பரில் கூடங்குளம் கடலில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டீம் ஜெனரேட்டர் ரெண்டு. ஒவ்வொன்றும் 300 டன்னுக்கு மேலே. தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்கி, பார்ஜில் ஏற்றி, இழுவைக் கப்பல் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. அணுமின் நிலையத்துத் துறைக்குச் சில நூறு மீட்டர் தூரம் இருக்கும்போது கயிறு அறுந்தது. பார்ஜ் பாறையில் போய் உட்கார்ந்துகிட்டது. நாள் கணக்கில் அங்கேயே கிடந்தது. கரையில் நின்று வேடிக்கை பார்த்தோம், போட்டோ எடுத்தோம்.

அதில் கதிரியக்கம் இருந்ததா? இல்லை. அது புத்தம்புது இயந்திரம். அதைச் சொல்லி ஊரைப் பயமுறுத்தினால் அது பொய். நம் சங்கம் பொய் சொல்லிப் போராட வேண்டிய அவசியம் இல்லை.

நான் கேட்பது வேறு. உள்ளே போகிற வழியிலேயே கயிறு அறுந்ததே, அதே கலன் உள்ளே ஓடி முடித்து, அழுக்கேறி, வெளியே வருகிற நாளில் எந்த வழியாக வரும்? யார் அனுமதி கொடுப்பார்கள்? யாரைக் கேட்பார்கள்?

முதலில் அழுக்கு என்றால் என்ன என்று பார்ப்போம். நம்ம ஊர் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைப் பத்து வருஷம் கழித்து உருவிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? உப்பு வெள்ளையாகப் பிடித்திருக்கும். சுத்தியலால் தட்டினாலும் போகாது. ஸ்டீம் ஜெனரேட்டருக்குள்ளும் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். அணு உலையைச் சுற்றி வந்த சுடுதண்ணீர் அந்தக் குழாய்க்குள்ளே ஓடும். வெளியே இருக்கிற தண்ணீர் கொதித்து ஆவியாகி டர்பைனைச் சுற்றும். உலையைத் தொட்டு வருகிற தண்ணீர் சும்மா வராது. உலோகத் துருவைக் கோபால்ட்-60 ஆக்கிக் கொண்டுவரும். எரிபொருள் உறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் சீசியம், புளூட்டோனியம் எல்லாம் சிறிது சிறிதாகச் சேரும். அதெல்லாம் குழாய்க்குள் படியும். வெளியே பார்த்தால் பளபளவென்று இரும்பு உருளை. உள்ளே நம்ம போர் குழாய் மாதிரிதான், என்ன, இந்த உப்பு கண்ணுக்குத் தெரியாமல் சுடும்.

கூடங்குளம் உலை ஒன்றுக்கு இப்படி நான்கு கலன்கள். ஆறு உலைக்கு 24. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

"அதெல்லாம் நாற்பது அம்பது வருஷம் கழிச்சு வரப்போற பிரச்சினை, இப்ப என்னத்துக்கு?" என்று போன கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் கலிபோர்னியாவில் இருக்கிறது. சான் ஓனோஃப்ரே என்ற அணுமின் நிலையத்தில் பழைய ஸ்டீம் ஜெனரேட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார்கள். பல பத்தாண்டு ஓடும் என்றார்கள். ரெண்டு வருஷம் முழுசாக ஓடவில்லை. குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, 2012 ஜனவரியில் கசிவு. 2013 ஜூனில் நிலையத்தையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள். எந்த இயந்திரம் எப்போது வெளியே வரும் என்று யாரும் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல முடியாது, அண்ணாச்சி.

இப்போது கனடா கதைக்கு வருகிறேன். நாம் படிக்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம். ஹியூரான் ஏரிக்கரையில் புரூஸ் அணுமின் நிலையம். அதை நடத்துகிற நிறுவனம் புரூஸ் பவர். ரெண்டு உலைகளைப் புதுப்பிக்கும்போது 16 பழைய ஸ்டீம் ஜெனரேட்டர்களைக் கழற்றிப் போட்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 டன், நீளம் கிட்டத்தட்ட 12 மீட்டர், ஒரு பஸ் அளவு. புதுப்பிக்கிற வேலைக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு நடந்தபோது என்ன சொன்னார்கள்? இது கழிவு, இங்கேயே வளாகத்துக்குள் வைத்துப் பாதுகாப்போம் என்றார்கள். சில வருஷத்தில் பேச்சு மாறியது. கப்பலில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்புகிறோம், அங்கே ஸ்டுட்ஸ்விக் என்ற நிறுவனம் உருக்கும், சுத்தமான உலோகம் சுமார் 90 சதவீதம் சந்தைக்குப் போகும், மிச்சம் 10 சதவீதம் கழிவாகத் திரும்பி வரும் என்றார்கள்.

வழி எது தெரியுமா? ஹியூரான் ஏரி, ஈரி ஏரி, ஒன்டாரியோ ஏரி, அப்புறம் செயின்ட் லாரன்ஸ் ஆறு, அதற்கப்புறம்தான் கடல். அந்த ஏரிகளும் ஆறும் சுமார் 4 கோடி பேருக்குக் குடிதண்ணீர். நம்ம கணக்கில் சொன்னால், பாபநாசம் அணை, பேச்சிப்பாறை அணை, தாமிரபரணி எல்லாவற்றுக்குள்ளும் வரிசையாகக் கப்பல் விடுகிற மாதிரி.

இங்கேதான் விதிமுறை விஷயம் வருகிறது. கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கதிரியக்கச் சரக்குக்கு உலகம் முழுக்கப் பொதுவான ஒரு விதி இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமை போட்டது. அந்த விதியின் அடிப்படை என்ன? பாதுகாப்பு பெட்டியில் இருக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவனை நம்பாதே, பாதையை நம்பாதே, பெட்டியை நம்பு. ஆபத்து குறைந்த சரக்குக்கு எளிய பெட்டி. ஆபத்து மிகுந்த சரக்குக்கு 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 800 டிகிரி நெருப்பில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்குகிற பெட்டி. நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் 100 டன் உருளைக்கு எங்கே போய்ப் பெட்டி செய்வது? செய்ய முடியாது. அப்போது என்ன செய்தார்கள்? உருளையின் திறப்புகளை எல்லாம் வெல்டிங் வைத்து மூடி, அந்த இரும்பு ஓட்டையே பெட்டி என்று வைத்துக் கொண்டார்கள். சட்டத்தில் அதற்கு ஒரு வாசல் உண்டு, 'சிறப்பு ஏற்பாடு' என்று பெயர். வழக்கமான விதி பொருந்தாதபோது, அதற்கு ஈடான பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 2010 செப்டம்பரில் ஒட்டாவாவில் கனடா அணு பாதுகாப்பு ஆணையம் விசாரணை நடத்தியது. 2011 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது, ஒரு வருஷத்துக்கு.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி இருக்கும்போது பாதுகாப்பு பெட்டியிலே இருக்கிறது. பெட்டி இல்லாதபோது பாதுகாப்பு எங்கே போகிறது? பாதைக்குப் போகிறது. கயிறு அறுகிறதா, பாலம் தாங்குமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாறை எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரத்தில் கிரேன் வரும். இதெல்லாம் பாதைக்காரனுக்குத்தான் தெரியும். ஆக, பெட்டி இல்லாத சரக்கு என்றால் பாதையில் இருக்கிறவனைக் கேட்டே ஆக வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

கனடாவில் கேட்டார்களா? கேட்க வைத்தார்கள். ஏரிக்கரை நகரங்களின் மேயர்கள் எதிர்த்தார்கள். மோஹாக் பழங்குடி மக்களின் கவுன்சில்கள் எதிர்த்தன, எங்கள் தண்ணீர் வழியாகப் போவதற்கு எங்களிடம் கலந்து பேசவில்லையே என்று. அக்கரையிலிருந்து அமெரிக்க செனட்டர்கள் சிலர் கடிதம் எழுதினார்கள்.

நிறுவனம் என்ன பதில் சொன்னது? "ஒரு கலனுக்குள் இருக்கிற கதிரியக்கப் பொருள் மொத்தமே 4 கிராம்தான்." கேட்டால் நமக்கே தோணும், அட, 4 கிராமா, ஒரு டீஸ்பூன் சர்க்கரை! எதிர்த்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள், அந்த 4 கிராமில் பெரும்பங்கு புளூட்டோனியமாயிற்றே, அதைக் கிராமிலா நிறுப்பது என்று. பூச்சிமருந்துக் கடையில் நாம் ஏமாறுகிற கதைதான் இது. டப்பா சின்னதாக இருக்கும். எத்தனை மில்லி என்பது முக்கியமில்லை, எத்தனை ஏக்கருக்கு அடிக்கும் என்பதுதான் முக்கியம். ஆனால் ஆணையத்தின் அதிகாரிகள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்: கப்பல் மூழ்கினால்கூட மக்களுக்கு ஏற்படும் பாதிப்பு மிகக் குறைவாகவே இருக்கும் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். சரியான கணக்கைப் பாதையில் இருப்பவன் முன்னால் வைத்துப் பேசுவதில் என்ன கஷ்டம்?

அனுமதி வந்த அடுத்த மாதம் புகுஷிமா வெடித்தது. எதிர்ப்பும் ஓயவில்லை. கப்பல் கிளம்பவில்லை. 2012 பிப்ரவரியில் அனுமதி காலாவதி ஆனது, புதுப்பிக்கவில்லை. 2013ல் திட்டத்தையே கைவிட்டார்கள். பதினாறில் ஒன்றுகூட ஏரியில் இறங்கவில்லை.

இப்படிப்பட்ட சரக்கு எங்கேயும் நகரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999ல் அமெரிக்காவில் ட்ரோஜன் என்ற நிலையத்தின் அணு உலைக் கலனையே, சுமார் 1,000 டன், கான்கிரீட்டால் நிரப்பி, பார்ஜில் ஏற்றி, கொலம்பியா ஆற்றில் 400 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு போனார்கள். ரெண்டு கரையிலும் விவசாயம் நடக்கிற ஆறு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. முறையாகச் செய்தால் முடியும்.

காத்திருந்தாலும் முடியும். அதே சான் ஓனோஃப்ரேயில் முதல் உலையின் கலனை 2003, 2004 வாக்கில் கடல் வழியாக அனுப்பப் பார்த்தார்கள். எடை அதிகம் என்று பனாமா கால்வாயில் இடம் கிடைக்கவில்லை. தென் அமெரிக்காவைச் சுற்றிப் போகலாம் என்றால் அங்கேயும் எதிர்ப்பு. கடைசியில் அங்கேயே வைத்திருந்து, 2020ல் யூட்டாவுக்கு அனுப்பினார்கள். அந்த 16 வருஷம் சும்மா போகவில்லை. கோபால்ட்-60 அஞ்சே கால் வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். 16 வருஷத்தில் மூன்று தடவை பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அவசரம் கம்பெனிக்கு. அதற்கு இடம் வேண்டும். நமக்கு அவசரம் இல்லை.

உருக்கி விற்கிற பேச்சு வந்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2008ல் பிரான்சில் லிஃப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடித்தார்கள். இரும்பு எங்கிருந்து போனது? இந்தியாவிலிருந்து. 2010ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில் ஒருவர் செத்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துப் பழைய கருவி, ஏலத்தில் விட்டுவிட்டார்கள். இவை ரெண்டும் அணுமின் நிலையத்துச் சரக்கு இல்லை. ஆனால் பழைய இரும்பு என்று பெயர் வந்துவிட்டால் நம் நாட்டில் யார் கையிலும் போகும் என்பதற்கு அத்தாட்சி.

சர்வதேச விதியும் அப்படியே நிற்கவில்லை. 2018 பதிப்பில் பெட்டிக்குள் அடங்காத பெரிய பொருளுக்கென்றே தனி வகை ஒன்றைச் சேர்த்தார்கள். திறப்புகளை அடைக்க வேண்டும், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது, வேறு சரக்கோடு சேர்க்கக் கூடாது, பயணத் திட்டம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். நல்ல முன்னேற்றம். ஆனால் பாதையில் இருக்கிற ஊரைக் கேள் என்று அதில் ஒரு வரி கிடையாது. அதை அந்தந்த நாட்டு மக்கள்தான் எழுத வைக்க வேண்டும்.

நமக்கு அனுபவம் இல்லையா? காற்றாலை வந்த புதிதில் எங்க ஊர் வழியாக டவர் துண்டு ஏற்றிய டிரெய்லர் வந்தது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி. கால்வாய்ப் பாலம் தாங்காது என்று மடைக்காரர் தடுத்துச் சொன்னார். "எங்க இன்ஜினியர் பார்த்துட்டார்" என்றார்கள். பின்சக்கரம் பாலத்தின் ஓரத்தோடு உள்ளே போனது. மூன்று நாள் கால்வாய் அடைப்பு. கதிர் பிடிக்கிற நேரம். கடைமடையில் இருந்த எங்க சித்தப்பா வயல் அந்த வருஷம் பதராகப் போனது. நஷ்டஈடு கேட்டுப் போனால் கம்பெனி கான்ட்ராக்டரைக் கை காட்டியது, கான்ட்ராக்டர் டிரைவரைக் கை காட்டினார். டிரைவர் பாவம், வடநாட்டுப் பையன், எங்க வீட்டிலேயே சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்.

மடைக்காரரைக் கேட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆகவே நம் சங்கம் தீர்மானம் தயார் செய்திருக்கிறது. வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் இதை வைக்க வேண்டும். கையைத் தூக்கினால் மட்டும் போதாது, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். ஊராட்சி செயலாளர் "இது நம்ம அதிகாரத்தில் வராது" என்பார். வராது என்று எழுதிக் கொடுங்க என்று கேளுங்கள், எழுதிக் கொடுக்க மாட்டார். தீர்மானத்தைப் படிக்கிறேன்:

"அணுமின் நிலையத்தில் பயன்படுத்திக் கதிரியக்க மாசு ஏறிய எந்தப் பெரிய இயந்திரத்தையும் வளாகத்துக்கு வெளியே தரை வழியாகவோ கடல் வழியாகவோ கொண்டு செல்வதற்கு முன்பு, அதன் எடை, உள்ளே உள்ள கதிரியக்கத்தின் அளவு, செல்லும் வழி, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு வழியிலுள்ள ஊராட்சிகளுக்கும் மீனவ கிராமங்களுக்கும் கொடுக்க வேண்டும். அதன்பின் 90 நாள் கழித்துப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். பயிருக்கோ, தண்ணீருக்கோ, மீன்பிடித் தொழிலுக்கோ இழப்பு நேர்ந்தால் கான்ட்ராக்டர் அல்ல, நிலையமே நேரடியாகப் பொறுப்பேற்க வேண்டும். கதிரியக்கம் குறையும்வரை வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா என்பதை முதலில் ஆராய வேண்டும். உருக்கி எடுத்த உலோகத்தைச் சந்தையில் விடக் கூடாது. இதை விதியாக்கும்படி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தையும் மாவட்ட ஆட்சியரையும் இக்கிராம சபை கேட்டுக் கொள்கிறது."

இவ்வளவுதான். தூறல் விழ ஆரம்பிச்சாச்சு. கையெழுத்துப் படிவம் வாசல்கிட்டே மேஜையில் இருக்கு. பிள்ளைகளை விட்டு வாங்கி அனுப்பாமல் நீங்களே வந்து போட்டுவிட்டுப் போங்க, சர்வே எண்ணையும் சேர்த்து எழுதுங்க. மீனவச் சகோதரர்கள் படகு எண்ணை எழுதினால் போதும்.