தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், சுற்றுலாத் திட்டம் குறித்து உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் குழுவில் அனுப்பிய பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் பூம்புகார், திருக்கடையூர், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. ஆறு ஊர்! நம் வண்டியில் முழங்கால் வலிக்காரர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். ஐந்தை அடித்துவிட்டு தரங்கம்பாடியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கோரிக்கை.

உங்களில் பலர் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூர் போய் வந்திருக்கிறீர்கள். அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இந்த ஊர். ஆனாலும் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறோம்.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். டான்ஸ்போர்க் என்று பெயர். கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு அடுக்குக் கட்டடம். இப்போது உள்ளே அருங்காட்சியகம். 1845ல் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இன்று அந்தத் தொகைக்கு நம் குடியிருப்பில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டையோடு நின்றுவிடாதீர்கள். 1792ல் கட்டிய நுழைவாயில் வழியாக ராஜ வீதியில் மெதுவாக நடந்து வாருங்கள். 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் படித்தார். 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவர் கல்லறை. தமிழில் முதல் அச்சு இதுதான் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 1578லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. இங்கே நடந்தது வேறு. அச்சடிக்கக் காகிதம் போதவில்லை என்று பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். பட்டறை போய்விட்டது, கடுதாசிப்பட்டறை என்ற பெயர் மட்டும் அங்கே நிற்கிறது. எனக்குக் கோட்டையைவிட அந்தப் பெயர் பிடிக்கும்.

இனி மாசிலாமணிநாதர் கோயில். அவசரம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். 1306ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்குச் சாட்சி. சடங்கன்பாடி என்ற பழைய பெயரைக் கல்வெட்டில் சொல்கிறது. அந்தக் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வழிபாட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கோயில் எழும்பிவிட்டது. மிஞ்சியிருப்பதை நம் பேரப்பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு கோட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது.

நேரமிருந்தால் பக்கத்திலேயே தில்லையாடி. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914ல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்வீக ஊர். மறு வருடமே காந்தி அங்கே வந்தார். வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். இது சினிமா செட் அல்ல, ஆட்கள் குடியிருக்கும் தெருக்கள். 2004 சுனாமியில் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. திண்ணையில் ஏறி செல்ஃபி எடுப்பதும், 'சுனாமி அன்று எப்படி இருந்தது?' என்று வழியில் போகிறவரை நிறுத்திக் கேட்பதும் வேண்டாம். ஆலயத்துக்குள் செருப்பையும் கைப்பேசிச் சத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக ஆறு மணி நேரம் ஆகும். அதனால் முதல் நாள் இரவே சிதம்பரத்தில் தங்கிவிடலாம். காலை வெயில் ஏறுவதற்குள் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டால், மதியம் ஓய்வு. சாயங்காலம் தெரு நடை. அருங்காட்சியகத்தின் வார விடுமுறையைக் கேட்டுக்கொண்டு நாள் குறிக்க வேண்டும். குடை, தொப்பி, தண்ணீர் அவரவர் பொறுப்பு.

ஆறு ஊரா, ஒரு ஊரா என்று இன்றே கையுயர்த்திச் சொல்லிவிடுங்கள். வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும் என்று பொருளாளர் காத்திருக்கிறார்.